நக்கவாரத்துப் பெருங்கால் கோழி

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு பறவையைப் பற்றித் தமிழில் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தோம். மயிலும் கிளியும் குயிலும் வந்துபோன பின், ஒரு சிறுமி எழுந்து டோடோவைப் பற்றிப் பேசினாள். மொரீஷியஸ் தீவில் இருந்ததாம், பறக்கத் தெரியாதாம், மனிதன் வந்து நூறு ஆண்டுக்குள் ஒன்றுகூட மிச்சமில்லையாம். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "தாத்தா, நம்ம நாட்டுல பறக்காத பறவையே கிடையாதா?"

"அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று அப்போதைக்குத் தப்பித்துக் கொண்டேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கைக் காப்பாற்ற எழுதியது.

நேரடியான விடை, இல்லை என்பதுதான். அறவே பறக்க இயலாத பறவை எதுவும் இன்று இந்தியாவின் காடுகளில் இல்லை. ஆனால் அந்த நிலைக்குப் பாதி தூரம் நடந்து போய் நின்றுவிட்ட பறவை ஒன்று இருக்கிறது. சிறகு உண்டு, துரத்தினால் பறக்கவும் செய்யும். மற்ற நேரமெல்லாம் காலை நம்பியே பிழைக்கும். நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு அறிவியல் பெயர் வைத்தது நம் கல்கத்தாவில். அது பிழைக்குமா என்ற வழக்கும் கொல்கத்தாவுக்கு வந்து போயிற்று. ஆகவே அதைப் பற்றி நம் இதழில் எழுதுவது பொருத்தமே.

முதலில் பையனின் கேள்விக்குள் இருக்கும் இன்னொரு கேள்வியைப் பார்த்து விடுவோம். பறவை ஏன் பறப்பதை விட வேண்டும்?

பறப்பது செலவு பிடித்த காரியம். நன்றாகப் பறக்கும் பறவையின் உடல் எடையில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மார்புத் தசையாகவே இருக்கிறது. அந்தத் தசை பற்றிக்கொள்ள மார்பெலும்பின் நடுவே கப்பலின் அடிக்கட்டையைப் போல ஓர் எலும்பு விளிம்பு வேண்டும். இவ்வளவையும் வளர்க்கவும் காக்கவும் தீனி வேண்டும். நரியும் காட்டுப்பூனையும் இருக்கும் பெருநிலத்தில் இந்தச் செலவு உயிரைக் காக்கிறது. நாலாபக்கமும் கடல் சூழ்ந்த தீவிலோ துரத்த ஆளில்லை. சிறகுக்குச் செலவழிப்பதை முட்டைக்கும் காலுக்கும் திருப்பிய பறவைகளே அங்கே அதிகக் குஞ்சுகளை விட்டுச் சென்றன. பல்லாயிரம் தலைமுறைகளில் சிறகு சிறுத்தது. இது சோம்பேறித்தனம் அல்ல, சிக்கனம். தேவையில்லாத காவல்காரனுக்கு எந்த வீட்டில் சம்பளம் கொடுப்பார்கள்?

விபரீதம் பிறகுதான் வந்தது. டச்சுக்காரர்கள் 1598-இல் மொரீஷியஸில் இறங்கினார்கள். டோடோவை அவர்கள் தின்றதைவிட, கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றதே அதிகம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ போய்விட்டது. நம் நாட்டுக்கும் அது வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சூரத்தில் உயிருள்ள டோடோக்கள் இரண்டைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி எழுதி வைத்திருக்கிறார். ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது. உயிரோடு பார்த்து வரைந்த வண்ணப் படங்களில் நம்பத் தகுந்தது அது என்பது அறிஞர்கள் கருத்து. 2002-இல் டோடோவின் மரபணுவை ஆராய்ந்தபோது இன்னொரு வியப்பும் வெளிப்பட்டது. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. அந்தப் புறா நன்றாகப் பறந்து தீவு விட்டுத் தீவு போய்வரும். பறக்கும் தங்கை பிழைத்தாள், நடக்கும் அக்காள் மாண்டாள் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கப்பல் கொண்டுவரும் ஆபத்து பழங்கதையும் அல்ல. பசிபிக் கடலின் குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு வந்து சேர்ந்தது. 1980-களில் அத்தீவின் பறக்காத நீர்க்கோழி இனம் காட்டில் அடியோடு இல்லாமல் போயிற்று. பிடித்து வைத்துக் காப்பாற்றிய சிலவற்றிலிருந்து அந்த இனத்தை மீட்டு, பக்கத்துத் தீவுகளில் விட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தின் பறக்காத கிளியான காக்கப்போ 1995-இல் மொத்தமே 51 இருந்தது. எலியும் பூனையும் இல்லாத சிறு தீவுகளுக்கு அவற்றைக் கொண்டுபோய், முட்டை முட்டையாகக் கணக்கெடுத்துக் காத்ததில் 2022-இல் 250-ஐத் தாண்டியது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி. எவ்வளவு பாடு என்பதற்கும் இதுவே சாட்சி.

இனி நம் பறவைக்கு வருவோம். ஆங்கிலத்தில் இதை நிக்கோபார் மெகபோடு என்பார்கள். மெகபோடு என்றால் கிரேக்கத்தில் பெரிய கால். தமிழில் நிலைத்த பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. பெருங்கால் கோழி என்று நானாக வைத்துக் கொண்டேன். வாசகர்கள் இதைவிட நல்ல பெயர் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

1841 முதல் 1862 வரை கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சிப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பிளைத் என்ற ஆங்கிலேயர். குறைந்த சம்பளம், நிறைய வேலை. நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த பறவைத் தோல்களை இங்கே உட்கார்ந்து இனம் பிரித்துப் பெயரிட்டார். அவர் 1846-இல் உலகுக்கு அறிவித்தவற்றில் ஒன்றுதான் நிக்கோபார் மெகபோடு. ஆசியக் கழகத்தின் சேகரிப்புகள் பிற்பாடு சௌரங்கியில் நாம் ஜாதுகர் என்று அழைக்கும் இந்திய அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கிருந்து கிளைத்து 1916-இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கு இன்று நியூ அலிப்பூரில் தலைமையிடம்.

பார்வைக்கு இது அழகான பறவை அல்ல. நம் ஊர்ப் பெட்டைக்கோழி அளவு. பழுப்பு உடல், சாம்பல் தலை, முகத்தில் இறகில்லாத சிவந்த தோல், குட்டை வால். உடலுக்குப் பொருந்தாத பெரிய கால்கள். ஜோடியாகக் காட்டுத் தரையில் சருகைக் கிளறி, பூச்சியும் நத்தையும் விதையும் பொறுக்கித் தின்னும். ஆளைக் கண்டால் ஓடும். ஓட வழியில்லையென்றால்தான் படபடவென்று எழும்பிப் பக்கத்து மரத்தில் உட்காரும்.

அதிசயம் அதன் கால்களில் இருக்கிறது. உலகில் மற்றப் பறவைகள் எல்லாம், குயிலைப் போல ஏமாற்றுகிற சிலவற்றைத் தவிர, முட்டையின் மேல் உட்கார்ந்து அடைகாக்கும். மெகபோடு குடும்பத்தில் சுமார் இருபது இனங்கள். ஒன்றுகூட அடைகாப்பதில்லை. அடைகாக்கும் வேலையை மண்ணிடம் விட்டுவிட்டன. பசிபிக்கின் டோங்கா தீவில் உள்ள ஓர் இனம் எரிமலையின் சூட்டில் முட்டையைப் புதைக்கிறது. நம் நிக்கோபார்ப் பறவை உரக்குழி போடுகிறது.

ஊரில் எருக்குழி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சாணமும் குப்பையும் இலையும் மட்கும்போது உள்ளே கைவைத்தால் சுடும் அல்லவா? அந்தச் சூடுதான். கடற்கரையை ஒட்டிய காட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பவளமணலையும் சருகையும் சுள்ளியையும் கால்களால் பின்னுக்குத் தள்ளித் தள்ளி ஒரு மேடு எழுப்புகின்றன. சில மேடுகள் வெட்டவெளியில் இருக்கும். சில உயிருள்ள மரத்தின் அடியில் சாய்ந்திருக்கும். சில விழுந்து உளுத்த மரத்தின் மேலேயே எழும்பும்; அந்த உளுத்த மரமும் மட்கிச் சூடு தரும். மேடு முழங்கால் உயரத்தில் தொடங்கும். பழைய மேடுகள் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பல மீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். ஒரே மேட்டை ஆண்டு தோறும் செப்பனிட்டுப் பயன்படுத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் ஒரே மேட்டில் முட்டையிடுவதும் உண்டு. நம் பக்கத்துக் கூட்டுக் குடும்ப வீடு மாதிரி.

முட்டையிட வேண்டிய நாளில் ஜோடி வந்து மேட்டில் ஆழமாகக் குழி தோண்டும். பெட்டை ஒரு முட்டை இடும். மறுபடி மூடிவிட்டுப் போய்விடும். உள்ளே வெப்பம் சுமார் 33 பாகை செல்சியஸ். கோழிமுட்டைக்கு 21 நாள். இதற்கு எழுபது நாளுக்கு மேல். முட்டையோ கோழிமுட்டையைப் போல இரண்டு மடங்கு எடை. பாதிக்கு மேல் மஞ்சள் கரு. அவ்வளவு சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சு மண்ணுக்கு அடியில் ஓட்டை உடைத்துக்கொண்டு, சருகையும் மணலையும் தானே கீறி மேலே வர வேண்டும். வெளியே வரும்போது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இறகு முளைத்திருக்கும், நேரே காட்டுக்குள் ஓடும். அன்றிலிருந்து அதன் பாடு அதற்கு. தாய் தகப்பன் முகமே தெரியாமல் வளரும் பிள்ளை, தான் ஆளானதும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதே போல மேடு கட்டுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் மற்ற இனங்கள் ஆஸ்திரேலியா, நியூகினி, கிழக்கு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் வாழ்கின்றன. இடையிலுள்ள சுமத்திராவில் இல்லை, ஜாவாவில் இல்லை. பிறகு திடீரென்று நிக்கோபாரில் ஒன்று. ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்து, பெருந்தீவுகளில் காட்டுப்பூனைகளால் அழிந்து இங்கே மட்டும் மிஞ்சியதா? கடலோடிகள் வழித்துணை உணவாகப் படகில் கொண்டுவந்து விட்டார்களா? இரண்டு கட்சியும் உண்டு.

கடலோடிகள் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சைக் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்தான். அதே வரிசையில் முதலில் நிற்பது ஸ்ரீவிஜயம்; 2024-இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சோழர் மரக்கலங்கள் தண்ணீர் பிடிக்க அங்கே கரையில் ஒதுங்கியபோது யாராவது இந்த மேட்டைக் காலால் இடறிப் பார்த்திருப்பார்களா என்று யோசிப்பது என் சொந்தப் பொழுதுபோக்கு, சரித்திரம் அல்ல.

எனக்கு இந்தப் பறவை அறிமுகமானது புத்தகத்தில் அல்ல. ஒரு நண்பரால். அவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, பெரிய நிக்கோபாரில் குடியேறியவர். 1969-இலிருந்து சுமார் பத்தாண்டுகள் அரசாங்கம் பஞ்சாப், மகாராஷ்டிரம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் முதலிய இடங்களிலிருந்து முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூறுக்கு மேல் கொண்டுபோய் அங்கே கிழக்குக் கரையில் குடியமர்த்தியது. கச்சால் தீவிலோ இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் சிலருக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள். ஆக, நிக்கோபார்ப் பறவைக்குத் தமிழர்கள் அன்னியர் அல்லர். அது நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டுமா?

நண்பர் வைத்தியத்துக்காக கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து கிதிர்பூருக்கு இன்னொரு கப்பல் என்று ஒரு வாரத்துக்கு மேல் பயணம் செய்து வந்து எங்கள் வீட்டில் தங்குவார். ஒரு நாள் காலையில் என் மனைவி தோசைக்கு முட்டை ஊற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"அந்தக் காலத்துல நாங்க மேட்டைத் தோண்டிதான் முட்டை எடுப்போம் சார். கப்பல் வரலேன்னா காய்கறி கெடையாது, கறி கெடையாது. ஒரு முட்டை ரெண்டு பேருக்குக் காணும். மொத வருஷம் ஒரு மேட்டுல ஆறேழு கெடைச்சுது. அடுத்த வருஷம் ரெண்டு. அப்புறம் மேடே புல்லு முளைச்சுப் போச்சு. கோழி எங்க போச்சுன்னு யாரும் கேக்கல."

"நாய்?" என்று கேட்டேன்.

"ஆமா, நாயும்தான். நாங்கதானே கொண்டுபோனோம்."

நிக்கோபாரிகளும் காலங்காலமாக இந்த முட்டையையும் இறைச்சியையும் தின்றவர்கள்தாம். ஆனால் அவர்கள் எண்ணிக்கை குறைவு, காடு பெரிது. 1873-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் போய் இந்தத் தீவுகளின் பறவைகளை ஆராய்ந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமான அதே ஹ்யூம், இதன் இறைச்சியை வெகுவாகப் புகழ்ந்திருக்கிறார். துப்பாக்கியும் நாயும் பூனையும் நிலையாக வந்து சேர்ந்த பிறகுதான் கணக்குத் தவறத் தொடங்கியது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கு உள்ள அதே பாதுகாப்பில், இந்தப் பறவை இருக்கிறது. சட்டப் புத்தகம் கேம்ப்பெல் பேய்க்குப் போய்ச்சேர எத்தனை கப்பல் மாற வேண்டும் என்பது வேறு விஷயம்.

முறையாக எண்ணிப் பார்த்த பெருமை கோயம்புத்தூருக்கு உரியது. ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் ரவி சங்கரன் 1990-களின் தொடக்கத்தில் தீவு தீவாகக் கரையோரம் நடந்து மேடுகளை எண்ணினார். அதே மையத்தில் கே. சிவகுமார் இந்தப் பறவையின் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் காட்டில் இருந்து கவனித்தார். நான் மேலே மேட்டைப் பற்றிச் சொன்னதில் பெரும்பகுதி இவர்கள் போன்றோர் சேற்றிலும் அட்டையிலும் கிடந்து கண்டுபிடித்தது. அவர்கள் காட்டிய முக்கியமான உண்மை இது: காடு முழுதும் இருந்தாலும் மேடுகள் காடு முழுதும் இல்லை. பெரும்பாலானவை அலை வந்து நிற்கும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள். மணலும் சருகும் சரியான அளவில் கலந்து கிடைப்பது அந்த ஒரு கீற்றில்தான். அந்தப் பறவையின் முழு வாழ்வும் வேட்டிக்கரை போல ஒரு பட்டையில் அடங்கியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்தக் கரையைத்தான் உருவிக்கொண்டு போயிற்று. நிக்கோபாரில் சுனாமி அலை மட்டுமல்ல, நிலமே தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. மனித உயிர்ச் சேதத்தைச் சொல்லி மாளாது. கச்சால் மிகக் கொடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று. என் நண்பரின் வீடும் தோப்பும் போயின. அவர் குடும்பம் மேட்டுநிலத்துக்கு ஓடித் தப்பியது. மெகபோடு தீவு என்றே பெயர் பெற்று, இதற்கென்றே சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்த குட்டித் தீவு ஒன்று பெரிய நிக்கோபாரின் மேற்கே இருந்தது. கடல் அதை விழுங்கிவிட்டது.

2006-இல் சிவகுமார் மறுபடி போய் எண்ணினார். 1994-இல் இருந்ததில் எழுபது சதவீதத்துக்கு அருகே குறைந்திருந்தது. கரையோரத்தில் முட்டையிடும் ஜோடிகள் எண்ணூறுக்குள். ஆனால் பிழைத்த பறவைகள் புதிய கரையை ஒட்டி, பட்டுப்போன மரங்களுக்கு நடுவே, மறுபடி மேடு கட்டத் தொடங்கியிருந்தன. ரவி சங்கரன் 2009-இல் இளவயதிலேயே காலமாகிவிட்டார்.

பிறகு வந்தது துறைமுகம். பெரிய நிக்கோபாரின் தெற்கே கலத்தியா என்ற ஆறு கடலில் கலக்கும் இடம் கலத்தியா விரிகுடா. உலகிலேயே பெரிய ஆமையான தோணியாமை முட்டையிட வரும் கரை. மெகபோடு மேடுகளும் அங்கே உண்டு. 1997-இல் சரணாலயமாக அறிவித்த அந்த இடத்தை 2021 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புது நகரம் என்று சுமார் 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. இதற்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு ஒதுக்கப்படுகிறது. வெட்டும் காட்டுக்கு ஈடாக எங்கே மரம் நடுவது என்று பார்த்து, முதலில் ஹரியானாவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹரியானாவில் மெகபோடு என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது.

திட்டத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மலாக்கா நீரிணைக்கு வாசற்படி போன்ற இடம் அது. நம் நாட்டுச் சரக்குப் பெட்டகங்கள் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறுகின்றன. அந்த வருமானம் வெளியே போகிறது. பாதுகாப்புக் காரணமும் சொல்கிறார்கள். துறைமுக ஊரில் பிழைக்க வந்த நாம் துறைமுகமே கூடாது என்று பேசுவது அழகல்ல. என் நண்பரின் பிள்ளைகளுக்கும் அங்கே வேலை வேண்டும்; நல்ல ஆஸ்பத்திரி இருந்தால் அவர் வாரக்கணக்கில் கப்பலில் கிடக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒப்பாதது பறவைக்குச் சொல்லப்படும் பரிகாரம். திட்டப் பகுதியில் கண்ட 51 மேடுகளில் சுமார் 30 நிரந்தரமாக அழியும் என்று அனுமதிக்கான ஆவணங்களே சொல்கின்றன. அதற்கு ஈடாக 2022-இல் மென்சால் என்ற சிறு தீவை மெகபோடு சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பறவைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு கோயம்புத்தூர் மையத்துக்கு. ஆனால் மென்சாலில் மெகபோடு ஏற்கெனவே இருக்கிறது. நிறைந்திருக்கும் வீட்டுக்கு முப்பது குடும்பத்தை அனுப்புவது எப்படி? பறவையைப் பிடித்துக் கொண்டுபோகலாம். பல ஆண்டு மட்கிச் சூடேறிய மேட்டை லாரியில் ஏற்ற முடியாது. அப்படியே அது அங்கே புது மேடு கட்டினாலும், துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலிலும் எலி இறங்கும். குவாமுக்குப் பாம்பு வந்தது அப்படித்தான். நியூசிலாந்துக்காரர்கள் பறவையை மாற்றிக் குடிவைத்தபோது முதலில் அந்தத் தீவுகளில் எலியையும் பூனையையும் ஒழித்தார்கள், பிறகு கிளியைக் கொண்டுபோனார்கள். நம் ஏற்பாட்டில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

மனிதர்கள் விஷயமும் இதோடு பின்னிக் கிடக்கிறது. சுனாமிக்கு முன் மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்த நிக்கோபாரிகளைக் கேம்ப்பெல் பே பக்கம் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் தங்கள் பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திட்டத்துக்கு முதலில் கொடுத்த சம்மதத்தை அவர்களுடைய பழங்குடிக் குழு 2022 நவம்பரில் திரும்பப் பெற்றது. பசுமைத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வில் திட்டத்தை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. 2023 ஏப்ரலில் தீர்ப்பாயம் அனுமதியில் தலையிட மறுத்து, சில அம்சங்களை மட்டும் மறுபடி பார்க்க ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அந்தமான் நிக்கோபார் முழுதும் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் கீழ் வருவதால், பழங்குடியினரின் வன உரிமை பற்றிய வழக்கும் இந்த ஊருக்கே வந்தது. பிளைத் பெயர் வைத்த இடத்திலிருந்து அந்த நீதிமன்றம் வரை ஒரு டிராம் பயண தூரம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி சுருக்கிச் சொன்னேன். பையன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அது பறக்கும்னா பறந்து வேற தீவுக்குப் போயிடலாமே தாத்தா?" என்றான். கெட்டிக்காரக் கேள்விதான். பெரியவர்கள் அறிக்கையிலும் இதே எண்ணம்தான் ஒளிந்திருக்கிறது. பறவை போகும்டா, மேடு போகாது என்றேன். அவன் கரும்பலகையில் ஒரு கோழி வரைந்து, அதற்குப் பெரிய கால் வைத்து, பக்கத்தில் ஒரு மேடும் போட்டான். மேட்டுக்குள் எத்தனை முட்டை வரைய வேண்டும் என்று கேட்டான்.

அன்று இரவு கேம்ப்பெல் பேயிலிருந்த நண்பரைத் தொலைபேசியில் பிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் காட்டோரம் ஒரு மேட்டில் இப்போது புதுமண் கிளறிக் கிடப்பதாகச் சொன்னார். நாயைக் கட்டிப் போட்டிருக்கிறாராம்.